எழுத்தில் உங்கள் மையம் எது? பழைய நோட்டிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன்.

“என்ன எழுதுவீங்க?”

“எல்லாம்தான். சினிமா, ஆன்மிகம், உடல்நலம், பேட்டி, சிறுகதை...”

“அப்ப மளிகைக் கடை மாதிரின்னு சொல்லுங்க.”

கிண்டல் இல்லை. அவர் நிஜமாகவே மளிகைக் கடை வைத்திருப்பவர். என்னையும் தன் இனத்தில் சேர்த்துக்கொண்ட பிரியத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் பாயசம் இறங்கவில்லை. எழுத வந்து 11 வருடம் ஆகியிருந்தது. மளிகைக் கடைக்குக்கூட ‘அங்கே துவரம்பருப்பு நன்றாக இருக்கும்’ என்று நாலு பேர் தேடி வருவார்கள். என்னை எதற்காக யார் தேடி வருவார்கள் என்று யோசித்தபடியே கை கழுவினேன்.

அந்தப் பந்திக்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் செய்து பார்த்தவைதான் கீழே இருக்கின்றன. குறைந்தது இருபது முப்பது உருப்படிகளாவது எழுதி முடித்தவர்களுக்கே இது பயன்படும். இப்போதுதான் பேனா பிடிக்கிறீர்கள் என்றால் மையத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கண்டதையும் எழுதுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மையம் என்று எதைச் சொல்கிறேன்

சிறுகதை, கட்டுரை, நாவல் என்பவை வடிவங்கள். சினிமா, ஆன்மிகம், வரலாறு என்பவை கடை அலமாரியில் ஒட்டும் சீட்டுகள். இவை எதுவும் மையம் ஆகாது. வண்டிக்காரன் தூங்கிவிட்டாலும் மாடு பழகிய தடத்தில் வீடு வந்து சேர்ந்துவிடும் என்பார்கள். எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் உங்கள் கை அப்படித் தானாகப் போய் நிற்கும் ஓர் இடம் இருக்கும். அதைத்தான் மையம் என்கிறேன். அதை உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய முடியாது. நீங்கள் ஏற்கெனவே எழுதியவற்றில் அது கிடக்கிறது. வேலை, அதைக் கண்டெடுப்பது மட்டும்தான்.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

இந்தப் படிக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கும் ஆகும். அவசரப்பட்டால் மற்ற படிகள் எதுவும் நிற்காது.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். கணினியிலும் செய்யலாம். ஆனால் நோட்டில் கை வலிக்க எழுதும்போது மனம் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நிற்கிறது. இதுவரை எழுதியதையெல்லாம் அதில் வரிசையாகப் பதியுங்கள். அச்சில் வந்தது மட்டும் போதாது. திருப்பி அனுப்பப்பட்டது, பாதியில் நின்றுபோனது, பெயர் போடாமல் அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்தது, இணைப்பிதழில் பக்கம் நிரப்ப எழுதிய துணுக்கு என எல்லாம் வரட்டும். நண்பர் ஏதோ கேட்கப்போய் வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம் தட்டிய நீள விளக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி இல்லாமல், யாரும் கட்டாயப்படுத்தாமல் எழுதியது அது என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம் போடுங்கள். யார் கேட்டு எழுதினேன்? எத்தனை நாள் பிடித்தது? கேட்டதைவிட அதிகமாக என்ன செய்தேன்? படித்துவிட்டு யார் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள்? இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறதா?

இவற்றில் மூன்றாவது கட்டம்தான் உயிர். 600 சொல் கேட்டார்கள், 1,400 எழுதி வெட்டத் தெரியாமல் தவித்தீர்கள். தொலைபேசியில் முடித்திருக்கலாம், ஆனால் பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்தீர்கள். கட்டுரை அச்சேறி நாலு மாதம் கழித்தும் அது சம்பந்தமான ஒரு செய்தித் துண்டை வெட்டி வைத்தீர்கள். இப்படி மிகையாகச் செய்த இடங்களையெல்லாம் தேடிப் பிடியுங்கள். சம்பளத்துக்குச் செய்த வேலையில் அளவு இருக்கும். அளவு மீறியது எங்கே என்று பார்த்தால், உங்கள் மனம் யாரிடமும் சொல்லாமல் எங்கே போய்வந்தது என்று தெரிந்துவிடும்.

நான்காவது கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. ‘சூப்பர்’, ‘அருமை’ என்று வந்தவற்றை எழுதாதீர்கள். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையும் வேண்டாம். “எங்க பாட்டியும் இப்படித்தான் செய்வாங்க” என்று ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். “நீங்க எழுதினது தப்பு, எங்க ஊர்ல அப்படி இல்ல” என்று சண்டைக்கு வந்திருந்தால் இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் 214 உருப்படிகள் வந்தன. மூன்றாவது கட்டம் நிரம்பியவை 31. அதில் ஒன்பது நேரடியாகவே மொய், சீட்டு, அடகு பற்றியவை. சரி, இது தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். மீதி 22ஐ எடுத்துப் படித்தேன். ஒரு கோயில் வரலாறு எழுதியிருந்தேன். அதில் கோபுரத்துக்கு இரண்டு பத்தி, கோயில் நிலத்துக் குத்தகைப் பாக்கிக்கு ஆறு பத்தி. ஒரு திரைப்படத் தயாரிப்பாளரைப் பேட்டி எடுத்திருந்தேன். ஓடாத படத்துக்கு வாங்கிய கடனை எப்படி அடைத்தீர்கள் என்று மட்டுமே மாற்றி மாற்றிக் கேட்டிருந்தேன். பாவம், அந்த மனிதர் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். என் சிறுகதைகளிலும் யாராவது ஒருத்தி அடகுக் கடைப் படியேறிக்கொண்டே இருந்தாள். 11 வருடமாக நான் எதை எழுதினாலும் கடனைத்தான் எழுதியிருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் படி: தலைப்புக்குக் கீழே இருக்கும் கேள்வியைத் தோண்டுங்கள்

நோட்டு முடிந்ததும் பலர் செய்யும் தவறை நானும் செய்தேன். ‘கடன்தான் என் துறை’ என்று அறிவித்துவிட்டு வங்கி வட்டி விகிதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். உயிரே இல்லை. தவணைக் கணக்கு எனக்குச் சலிப்பூட்டியது. அப்புறம்தான் புரிந்தது, தலைப்பு வேறு, அதற்குள் என்னை இழுக்கிற கேள்வி வேறு.

ஏலச்சீட்டில் இருபது பேர் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். யார் அதிகத் தள்ளுக்கு, அதாவது மொத்தத் தொகையில் அதிகம் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. முதல் மாதமே எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் பெரும்பாலானோர் ஓடுவதில்லை. ஏன்? பத்திரம் இல்லாமல், சாட்சி இல்லாமல் ஒருவரை ஒருவர் எப்படி நம்புகிறார்கள்? நம்பிக்கை உடைகிற அன்று அந்தத் தெருவுக்கு என்ன ஆகிறது? என் கேள்வி இதுதான். வட்டி விகிதத்துக்கு அதில் இடமே இல்லை.

நீங்கள் குறித்துவைத்த உருப்படிகளை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ‘இதில் நான் நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்பியது என்ன?’ என்று ஒரு வரி எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு எழுதியதும் ஒரே கேள்வி வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவதைப் பார்ப்பீர்கள்.

எல்லோருக்கும் அது கேள்வியாகவே வரும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு அது மண். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஊர்க்காரர்கள், ஒரே வயதுக்காரர்கள், சேக்காளிகள். இருவருக்கும் பின்னாளில் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் இறந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991இல். ஒரே தெருப் புழுதியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் அழகிரிசாமி பத்திரிகை வேலையாகச் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார். என் வாசிப்பில், அவருடைய கதைகளுக்கு ஊர் ஒரு மேடை மட்டும்தான். மனிதர்களுக்குள் பிரியம் கசிகிற, அல்லது கசியத் தவறுகிற சின்னக் கணம்தான் அவர் மையம். கி.ரா. முப்பது வயதுக்கு மேல் எழுத வந்த விவசாயி. அவருக்குக் கரிசல் மண்ணே மையம். கதை எழுதியதோடு நிற்காமல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்துவிட்டார். சிறுகதைக்காரர் அகராதி போடுவானேன்? நான் முன்னே சொன்ன மூன்றாவது கட்டம் அதுதான். அளவு மீறிய வேலை.

சிலருக்கு மையம் ஒரு வேலைமுறை. ராஜம் கிருஷ்ணனின் நாவல்களை வரிசையாக வைத்தால் பொருள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள், கடலோர மீனவர்கள், நீலகிரியின் படகர்கள், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழன்ற குழந்தைகள். வெளியிலிருந்து பார்க்கிறவர் சிதறல் என்று சொல்லக்கூடும். ஆனால் அந்த இடங்களுக்கே போய், அந்த மக்களோடு பழகி, கேட்டு, குறிப்பெடுத்து, அதன் பிறகே எழுதுவது என்பது அவர் தொழில் முழுக்க நின்ற முறை. உங்கள் நோட்டில் பொருள்கள் எட்டுத் திசையிலும் சிதறிக் கிடந்தால் மனம் தளராதீர்கள். எழுதிய விதத்தில் ஒற்றுமை இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் சிலருக்கு வாசகர்தான் மையம். அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆயுள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதினார். பாட்டு, கதை, வரலாறு எல்லாம் எழுதினார், எதிரே உட்கார்ந்திருந்தது மட்டும் எப்போதும் குழந்தைதான். உங்கள் மனத்தில் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அம்மாவா, முதல் பட்டதாரிப் பையனா, பழைய தலைமை ஆசிரியரா? அந்த முகம் மாறாமல் இருந்தால் மையம் அங்கேயே இருக்கலாம்.

மண், கேள்வி, முறை, வாசகர். இந்த நான்கில் உங்களுடையது எந்த வகை என்பது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கேள்வியை மையமாகக் கொண்டவர் ‘எனக்கென்று ஓர் ஊர் இல்லையே’ என்று ஏங்க வேண்டாம். நான் நாலு வருடம் ஏங்கினேன். வாடகை வீடு மாறி மாறி வளர்ந்தவனுக்குக் கரிசலும் இல்லை, காவிரியும் இல்லை.

மூன்றாம் படி: மறைத்து வைத்திருப்பதைத் தொடுங்கள்

இது கொஞ்சம் வலிக்கும். எல்லோரிடமும் மற்றவர் நுழைய முடியாத ஓர் அறைக்குச் சாவி இருக்கிறது. பெரும்பாலும் நாம் வெட்கப்படும் இடத்தில்தான் அந்தச் சாவி தொங்கும்.

என் அம்மா எங்கள் தெருவில் 20 வருடம் சீட்டுப் பிடித்தார். அவருக்கு எழுதப் படிக்கச் சரளமாக வராது. ஆறாம் வகுப்பிலிருந்து சீட்டு நோட்டை நான்தான் எழுதினேன். யார் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார், யார் நிலுவை, யார் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பெரியவனாகி எழுத வந்தபோது அதை ஒரு வரிகூட எழுதவில்லை. இலக்கியக் கூட்டங்களில் அம்மா ‘இல்லத்தரசி’. நோட்டுப்போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான் ஒளித்த விஷயம் 31 உருப்படிகளில் வேறு வேடம் கட்டி வந்திருக்கிறது.

பகலில் பார்க்கும் வேலையையும் இப்படித்தான் பலர் ஒளிக்கிறார்கள். மருந்துக் கடையில் நிற்கிறவர் காதல் கவிதை எழுதுகிறார், மாதக் கடைசியில் பாதி அட்டை மாத்திரை கேட்டு வருகிற முகங்களை எழுதுவதில்லை. அசோகமித்திரன் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அங்கே அவர் கண்ட சினிமா என்பது நட்சத்திரங்களுக்குப் பின்னால் அலைகிற சாதாரண மனிதர்களின் உலகம். அது பிறகு அவர் நாவலானது. பிறந்து வளர்ந்த செகந்திராபாத்தும் சென்னையின் நடுத்தர வர்க்கத் தெருக்களும் கடைசிவரை அவர் எழுத்தில் வந்துகொண்டே இருந்தன. கற்பனையில் ஒரு ராஜ்யம் கட்ட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பட்டியல் போடுங்கள். நான் பார்த்த வேலைகள். என் வீட்டில் புழங்கிய, வெளியார் அறியாத சொற்கள். நான் யாரிடமும் சொல்லாத குடும்ப விவரங்கள். மூன்றாவது பட்டியலை எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு விஷயம். உங்கள் வெட்கத்தை எழுத உங்களுக்கு உரிமை உண்டு, அடுத்தவர் வெட்கத்தை எழுத அவரிடம் கேட்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். “பேரு மட்டும் மாத்திப் போடு. செவ்வந்தி பாக்கி வச்சதை எழுதிடாத, அவ பிள்ளைக்கு இப்பதான் வரன் பாக்குறாங்க” என்றார். செவ்வந்தி என்ற பெயரும் நான் மாற்றியதுதான்.

நான்காம் படி: வெளியாள் ஒருவரிடம் கேளுங்கள்

நம் முதுகு நமக்குத் தெரியாது. இதற்கு உ.வே.சாமிநாதையரின் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

1880இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். வயது ஏறக்குறைய 25. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல வருடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று கற்றவை ஏராளம். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பிறகு முதலியாரே சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். புரியாத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுக் கற்றார் சாமிநாதையர். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன்பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று 1942இல் மறையும் வரை நீண்டது அந்த வேலை.

கேள்வி கேட்டவர் புலவர் சபையைச் சேர்ந்தவர் அல்ல, நீதித்துறை அதிகாரி. முதல் சந்திப்பில் புகழவும் இல்லை. நீங்களும் அப்படி ஒருவரைத் தேடுங்கள். சக எழுத்தாளரை விட்டுவிடுங்கள். அவருக்கு உங்கள் மீது பிரியமோ பொறாமையோ இருக்கும், பெரும்பாலும் இரண்டும். உங்கள் எழுத்தில் ஐந்தாறைக் கொடுத்து, ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காமல், ‘இதையெல்லாம் எழுதிய ஆளுக்கு எதில் கிறுக்கு?’ என்று கேளுங்கள். நான் என் மைத்துனரிடம் கேட்டேன். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார், வாசகர் அல்ல. இரண்டு நாள் கழித்து, “மாப்ள, நீங்க யாரு யாருக்குப் பாக்கின்னே எழுதிட்டு இருக்கீங்க” என்றார். நோட்டைக் காட்டவே தேவை இருக்கவில்லை.

ஐந்தாம் படி: ஒற்றை வரி

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். இதுவரை கிடைத்ததை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். யாருக்காக, எதைப் பற்றி, எப்படி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். என் முதல் முயற்சி: ‘தமிழ்ச் சமூகத்தின் பொருளாதார வாழ்வியலைப் பதிவு செய்கிறேன்.’ தூக்கிப் போட்டேன். கருத்தரங்க அழைப்பிதழ் மாதிரி இருந்தது. ஏழாவது முயற்சியில் வந்தது: ‘பத்திரமில்லாத கடன்களைப் பற்றி, அதைக் கொடுத்தவர் வாங்கியவர் இருவர் வீட்டுக்கும் போய், அவர்களே படித்தால் புரிகிற தமிழில் எழுதுகிறேன்.’ அலங்காரம் இல்லை. ஆனால் எந்த வேலையை ஏற்கலாம், எதை விடலாம் என்று இந்த வரியே சொல்லிவிடும்.

‘வாழ்வியல்’, ‘விழுமியம்’, ‘பரிமாணம்’ மாதிரிச் சொற்கள் உங்கள் வரியில் தலைகாட்டினால் இன்னும் தோண்டவில்லை என்று அர்த்தம்.

ஆறாம் படி: பாரம் ஏற்றிப் பாருங்கள்

வரி கிடைத்ததும் ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். முதலில் இரண்டு சோதனை.

ஒரு மணி நேரம் கடிகாரம் வைத்துக்கொண்டு அந்த வரிக்குள் அடங்கும் இருபது கட்டுரைகளின் பெயர்களை எழுதுங்கள். ஆறு ஏழில் முட்டி நின்றால் அது மையம் அல்ல, ஒரு நல்ல தொடர் அவ்வளவுதான். எழுதிவிட்டு நகருங்கள். இருபதைத் தாண்டி ஓடினால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

மூன்று மாதத்தில் மூன்று உருப்படி. மூன்றும் வேறு வேறு வடிவில். நான் முதலில் எடுத்தது மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் ஆடி பிறந்தால் பந்தலும் கறிச்சோறும் களைகட்டும். ஒரு குடும்பம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விருந்து வைக்கும். வருகிறவர்கள் தங்களுக்கு வந்த மொய்யைத் திருப்பி, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். கூட்டி வைத்தது புதுக் கணக்கு. விருந்துக்கு எத்தனை கிடா என்று பலர் எழுதியாயிற்று. நான் போய் உட்கார்ந்தது மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில். இரண்டாவது, அடகுக் கடையில் மீட்க முடியாமல் மூழ்கிப்போன நகைகள் பற்றி ஒரு சிறுகதை. மூன்றாவது, பழைய சீட்டுக்காரர் ஒருவருடன் நீண்ட உரையாடல்.

மூன்றில் சிறுகதை படுத்துவிட்டது. மற்ற இரண்டும் நின்றன. அதிலிருந்து தெரிந்துகொண்டது, என் மையத்துக்குக் கதையைவிட நேரடி உரைநடை பொருந்துகிறது என்பது. வடிவத்தைக் கடைசியில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான். நாவலாசிரியர் ஆக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுப் பொருள் தேடுகிறவர்கள், செருப்பு வாங்கிவிட்டுக் கால் தேடுகிறார்கள்.

ஏழாம் படி: சோற்றுக் கணக்கு வேறு, சொந்தக் கணக்கு வேறு

மையம் கிடைத்துவிட்டது என்பதற்காக மற்ற வேலைகளை உதறாதீர்கள். தமிழ்ப் பதிப்புலகில் ராயல்டி பொதுவாக 10 விழுக்காடு. 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் உங்கள் கைக்கு 10,000 ரூபாய். அதுவும் கணக்கு ஒழுங்காக வந்தால். பத்திரமில்லாத கடன் பற்றி எழுதும் எனக்கே ஒரு பத்திரிகை ஏழு கட்டுரைக்குப் பாக்கி வைத்திருக்கிறது. பத்திரம் கிடையாது.

அதனால் நான் வாரத்தில் ஐந்து நாள் மொழிபெயர்ப்பு, பிழை திருத்தம், விளம்பர வாசகம் எல்லாம் செய்கிறேன். வெட்கமில்லை. செவ்வாய், வியாழன் காலை மட்டும் ஒன்பது மணி வரை சொந்தக் கணக்கு. அந்த நேரத்தில் கூலி வேலையைத் திறப்பதில்லை. வாரம் ஐந்தாறு மணி நேரம்தான். ஒரு வருடத்தில் அது எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்று செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

மறுக்கவும் பழகுங்கள். கூலிக்கான வேலையை மறுக்கச் சொல்லவில்லை. புகழுக்காக வருகிற, கூலியும் இல்லாத, மையத்துக்கும் சம்பந்தமில்லாத வேலைகளைச் சொல்கிறேன். நவம்பர் வந்தால் சென்னைப் புத்தகக் காட்சிக் காய்ச்சல் தொடங்கிவிடும். ‘ஜனவரிக்குள்ள ஏதாவது ஒண்ணு கொடுங்க’ என்பார்கள். ஏதாவது ஒன்று என்பதுதான் பிரச்சினை. “அது எனக்குச் சரியா வராதுங்க, அதுல கடன் சமாசாரம் ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்று நான் சொல்லத் தொடங்கியபின் சிலர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சிலர் கடன் சமாசாரத்தோடு கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள்.

எட்டாம் படி: வருடம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்

ஒரே மையம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தவர். தமிழ் சினிமா வரலாறும் காட்டுயிர்ச் சூழலும் அவருக்கு இரண்டு கண்கள், இரண்டிலும் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் தனித்தனியே பாரம் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். சலித்துப்போனதால் தாவுவது வேறு.

எப்போது மாற்றுவது? பதிலைத் தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிறீர்கள் என்று தோன்றும்போது. நான் ஒவ்வோர் ஆடியிலும் பழைய நோட்டை எடுத்து, அந்த வருடத்து உருப்படிகளுக்கு அதே ஐந்து கட்டங்களை நிரப்புகிறேன். மூன்றாவது கட்டம் காலியாகத் தொடங்கினால் யோசிப்பேன். இன்னும் காலியாகவில்லை.

போன ஆடியில் மறுபடி பேராவூரணிப் பக்கம் ஒரு விருந்துக்குப் போனேன். முதல் தடவை குறிப்பெடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்ததற்கு அம்மா திட்டியிருந்தார். “சோறு தின்னுட்டு மொய் வைக்காம வந்தியா?” அதனால் இந்த முறை மேசையில் 500 ரூபாய் வைத்தேன். கணினியில் தட்டிக்கொண்டிருந்த பையன் பெயர் கேட்டான், ஊர் கேட்டான்.

“அடையாளத்துக்கு என்ன போடட்டும் அண்ணே? ஒரே பேர்ல நாலு பேர் வருவாங்க.”

“கடன் பத்தி எழுதுறவர்னு போடு தம்பி.”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. தட்டினான், ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். பந்தலுக்கு வெளியே வந்துதான் பார்த்தேன். என் பெயர், ஊர், 500 ரூபாய். பெயருக்குப் பக்கத்தில், ‘கடன்காரர்’.